தலைக்கு

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை,
சிலநேரம் இறப்புச் சான்றிதழ்.
எல்லாவற்றுக்கும் கண்ணாடிக்கடியில் ஒரே வெளிச்சம்தான்.

மழை விடாத ஐப்பசி மதியம்
அனிஷ் ராபர்ட் பென்டிரைவோடு வந்தான்,
மூன்றாம் வருஷம் படிக்கிறவன்.
நாடுகள், அவை நோய்க்குச் செலவிடும் பணம்,
தலைக்கு, ஆண்டுக்கு.
பெரிய தாளில், கலரில் வேண்டும்.
ஆயிரம் டாலருக்கு ஒரு சென்டிமீட்டர் என்றான்.

தலைக்கு என்றால் எனக்குக் கேட்பது
குளச்சலுக்கு ஆள் ஏற்றும் வேன்காரன் குரல்:
தலைக்கு இருபது, தலைக்கு இருபது,
ரெண்டு பேர் ஏறினா வண்டி எடுத்துரலாம்.

தாள் மெல்ல வெளியே வந்தது.
அமெரிக்கா அரைச் சாணைத் தாண்டி நின்றது.
அயர்லாந்து ஒரு சுட்டுவிரல்.
ஓமான் என் சுண்டுவிரல் நகம்.
இந்தியாவுக்குப் பெயர் மட்டும் இருந்தது.

"அண்ணே, மிஷின்ல மை தீந்துட்டா?"
கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.
தீரவில்லை.
பென்சிலை ஒருதரம் வைத்து எடுத்ததுபோல் ஒரு கோடு
பெயரோடு ஒட்டிக் கிடந்தது.

அயர்லாந்தின் விரலைக் கொஞ்சநேரம் பார்த்தேன்.
கருங்கலில் என் மச்சினி மகள் ஜெபராணி
அங்கேதான் ராத்திரி டியூட்டி.
அவள் சம்பளம் அந்த விரலுக்குள் இருக்கும்.
அவள் அப்பாவின் நெஞ்சைக் கீறித் தைக்க
அவள் அனுப்பிய பணம்
இந்தக் கோட்டுக்குள் இருக்கும்.
ஒரே ராத்திரிக்கு ரெண்டு தேசத்தில் கணக்கு.
அவள் தூங்காததற்கு என்ன கலர் என்று கேட்டேன்.
பையன் சிரித்தான்.

"என் ரெண்டு ரூபா ஜெராக்ஸ் இதுல வருமா?"
"வராதுண்ணே. ஆட்டோ, டீ,
கூட இருக்கவங்க இழந்த கூலி, ஒண்ணும் வராது."

அப்போதுதான் குறும்பனை செலின்மேரி
நனைந்துகொண்டு உள்ளே ஏறினாள்.
மார்போடு அணைத்த பாலித்தீன் உறைக்குள்
புருஷனின் தலை,
கறுப்பு வெள்ளையில், இருபது சீவலாக.
வள்ளம் சரிந்து கட்டையில் மோதிய தலை.

காப்பீட்டு அட்டைக்கு நாலு காப்பி.
மிஷின் சூடேறும்வரை மேசையைப் பார்த்தாள்.
"இது என்னவாம்?"
"ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு தலைக்கு
எவ்வளவு செலவு பண்ணுதாங்கன்னு, அக்கா."
"எங்க ஆளுக்க தல எங்க இருக்கு?"
அவன் கோட்டைக் காட்டினான்.
குனிந்து பெருவிரலால் தொட்டாள்.

காயாத மை.
நாடு இழுபட்டு அவள் ரேகையில் ஏறிவிட்டது,
தப்பான விரலில் வைத்த ஓட்டு மைபோல.

பதறிப்போய்ச் சேலையில் துடைத்தாள்.
"தாளு கெட்டுப்போச்சே" என்றாள் முதலில்.
பிறகு படத்தையே பார்த்துக்கொண்டு,
"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு மக்கா,
இனி சாண் என்ன, முழம் என்ன" என்றாள்.
நாலு காப்பியையும் வாரிக்கொண்டு
மழைக்குள் இறங்கிவிட்டாள்.

இன்னொரு பிரின்ட் கேட்டான் அனிஷ்.
கோட்டைக் கொஞ்சம் தடியாக்கட்டுமா என்றேன்,
கண்ணுக்குத் தெரிகிற அளவுக்காவது.
வெகுநேரம் யோசித்து,
"தடியாக்கினா பொய்யாயிரும்ணே" என்றான்.

கெட்ட தாளை நான் எறியவில்லை.
பின்பக்கம் வெள்ளை; கடன் எழுத ஆகும்.

மூன்றாவது வாரம் செலின்மேரி வந்தாள்,
டிஸ்சார்ஜ் சீட்டுக்கு ரெண்டு காப்பி.
தையல் பிரித்தாயிற்றாம்.
பேச்சு இன்னும் கொஞ்சம் குழறுதாம்,
ஆனால் வலையின் பேரெல்லாம் சரியாகச் சொல்கிறாராம்.
ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றலாம்,
வெந்நீர்தான், காதில் பஞ்சு வைத்து.

சில்லறை இல்லை என்றாள்.
அமெரிக்காவின் முதுகில்,
வார்டுபாய் தாசையன் பதினாறு,
மெஸ் சுயம்புலிங்கம் நூற்றுப்பத்து,
அதன் கீழே எழுதினேன்:
குறும்பனை செலின்மேரி,
பழையது எட்டு,
இன்றைக்கு நாலு.